காப்பிக்காரன் வீட்டு வாசற்கல்

ஸ்காட்லாந்தின் வடகடலோரத்து நகரம் ஒன்றில், கடைத்தெருவைப் பார்த்து நான்கு மாடி உயரத்துக்கு நின்றது அந்தப் பழைய வீடு. தெருப்பக்கம் இழைத்த கல், கொல்லைப்பக்கம் கரட்டுக்கல். விருந்தாளிக்குக் காட்ட ஒரு முகம், வேலையாளுக்குக் காட்ட ஒரு முதுகு.

வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு சிவகாமசுந்தரியிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, பழங்கட்டடங்களைப் பேணக் கற்பிக்கும் ஆசிரியை. அவளிடம் கல்வேலை கற்ற மருதை அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கை மலைநாட்டுத் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர்.

அன்று கூடத்து விதானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுபோயிற்று. சுண்ணாம்புச் சுதையில் வடித்த கிளை. அதில் கொத்துக்கொத்தாய்க் காப்பிப் பழம்.

"இது எப்படி டீச்சர் இங்க வந்துச்சு?"

"இலங்கையில காப்பித்தோட்டம் வைச்சிருந்தவன்ர வீடு, அண்ணை. அந்தக் காசிலதான் மேல ரெண்டு மாடி ஏத்தினவன்."

மருதை விறுவிறுவென வெளியே போனார். உளியும் சுத்தியலுமாக வாசற்சாரத்தில் ஏறினார். அந்த நாட்டு வழக்கப்படி, கதவுக்கு மேலிருந்த கல்லில் காப்பிக்காரன், அவன் மனைவி பெயர்களின் முதலெழுத்துகளும் மணம் முடித்த ஆண்டும் செதுக்கப்பட்டிருந்தன.

"இறங்குங்கோ அண்ணை!"

"மாட்டேன். காப்பித்தோட்ட வேலைக்கு மன்னாருல எறங்கி மலைக்கு நடந்த எங்க சனம் வழிநெடுகச் செத்து விழுந்துச்சு. ஒருத்தருக்கும் ஒரு கல்லு வைக்கல. இவன் கல்யாணத்துக்குக் கல்லு கேக்குதா? செதுக்கி எறியப்போறேன். பொறுமையா இருன்னு மட்டும் சொல்லிறாதீங்க!"

"சொல்லமாட்டன்."

அவள் சுண்ணாம்புச் சாந்து வாளியுடன் சாரத்தில் ஏறினாள். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, எழுத்துகளின் மேல் சாந்தை அப்பி, கரண்டியால் வழித்து மட்டமாக்கினாள். பெயரும் ஆண்டும் மறைந்தன.

"நீங்கள் செதுக்கி எறிஞ்சாலும் இப்பிடித்தான் இருக்கும். பாருங்கோ."

நாயைப் பிடித்தபடி நடந்து வந்த தம்பதி கீழே நின்றார்கள்.

"எவ்வளவு அழகான வீடு!" என்றாள் மனைவி.

"அந்தக் காலத்து மனிதர்கள்! உழைத்துக் கட்டியிருக்கிறார்கள்" என்றான் கணவன்.

மருதைக்கு உச்சந்தலை கொதித்தது. ஈரச் சாந்தை வெறும் விரல்களால் பிறாண்டினார். சுண்ணாம்பு சுட்டது, அவர் நிறுத்தவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.

"யாரு உழைச்சது? இவனா? இந்தா, இவன்தான்! நல்லாப் பாத்துட்டுப் போங்க!"

தம்பதி மிரண்டு நடையைக் கட்டினார்கள். மருதைக்கு மூச்சு வாங்கியது.

"இவன் பேரு இருக்கட்டும் டீச்சர். ஆனா இவன் பேரு மட்டும் இருந்தா எனக்கு வயிறு எரியுது."

"அந்தச் சனத்துக்கு இவன்ர பேருக்குப் பக்கத்தில இடம் கிடக்கு."

"பாதுகாக்கச் சொன்ன பழைய கல்லுல புது எழுத்து வெட்டினா என் வேலை போயிருமே!"

"போகும். எனக்கும் போகும். இது மழை நாடு, அண்ணை. ஆழமா வெட்டுங்கோ."