நாலாவது பாட்டும் வாய மூடுன பல்லியும்

கால என் மேல போட்டுக்கோ தேனு. கண்ண மூடு. அத்தை சொல்லச் சொல்ல 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும், ஆமா.

ம்.

ஒரு ஊர்ல ஒரு சிடி பொட்டி இருந்துச்சாம். சிடின்னா என்னன்னு உனக்குத் தெரியாது. வட்டமா, பளபளன்னு, நடுவுல ஓட்டையோட, மெதுவடைய அமுக்கித் தட்டையாக்குன மாதிரி இருக்கும். பொத்தான அமுக்குனா பொட்டி 'ஸ்ர்ர்ர்'ன்னு ஒரு தட்ட வெளிய நீட்டும். அதுல சிடிய வச்சா உள்ள இழுத்துக்கிட்டு, 'விர்ர்ர்'ன்னு சுத்திப் பாடும்.

அந்தப் பொட்டி கோதண்டம்னு ஒருத்தரோடது. ரைஸ் மில்லுல வேலை பாத்து ஓஞ்சு வீட்டுல இருந்தாரு. அவரு வீட்டம்மா பேரு சொர்ணம். அந்த வீட்டுல யாரும் கடிகாரமே பாக்க மாட்டாங்க. காலையில சாமி பாட்டு சிடி போடுவாங்க. மொத பாட்டுக்கு சொர்ணம் அடுப்பு பத்த வைப்பா. ரெண்டாவதுக்கு இட்லி ஊத்துவா. மூணாவது முடிஞ்சா இறக்குவா. நாலாவது ஆரம்பிச்சா கோதண்டம் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு குளிக்கப் போவாரு. அந்த நாலாவது பாட்டுல ஒரு குரல் மேல மேல ஏறும். அந்த எடம் வந்தா சொர்ணம் கரண்டியக் கீழ வச்சுட்டு அப்படியே நிப்பா. அவளுக்கு அது உசுரு.

ம்.

அப்புறம் ஒரு நாள் மூணாவது பாட்டு முடிஞ்சுது. நாலாவது வரல. 'டக்... டக்... டக்.' அப்புறம் பாத்தா மறுபடியும் மொத பாட்டு! சொர்ணம் பழக்க தோஷத்துல இன்னொரு தடவ அடுப்பு பத்த வச்சா, இன்னொரு ஈடு இட்லி ஊத்துனா. கோதண்டம் துண்டும் கையுமா உக்காந்தே இருந்தாரு. வீடு பூரா இட்லி. குளிச்ச ஆளு ஒருத்தரும் இல்ல.

ஏன் நின்னுச்சு அத்தை?

அது அவங்களுக்குத் தெரியாது. உனக்கு மட்டும் சொல்றேன், கிட்ட வா. பொட்டிக்குள்ள ஒரு கண்ணு இருக்கு. சிடி சுத்தச் சுத்த அந்தக் கண்ணு அடியில நகந்து நகந்து படிச்சுக்கிட்டே போவும். மொத பாட்டு நடுவுல, கடைசிப் பாட்டு ஓரத்துல. பொட்டிக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ தொலஞ்ச ஓட்டை. அது வழியா ஒரு பல்லி உள்ள போயி, கதகதப்பா இருக்கேன்னு, அந்தக் கண்ணு நகர்ற பாதையோட ஓரத்துலயே ரெண்டு முட்டைய ஒட்டி வச்சிருந்துச்சு. கண்ணு மூணு பாட்டு தூரம் வரும், முட்டை மேல 'டக்'. பல்லி ஓடி வந்து முட்டைய மோந்து பாக்கும். இன்னும் எத்தனை இடி அந்த ஓடு தாங்கும்?

ம்.

அந்த வீட்டுல ஒரு நம்பிக்கை. யாராவது பேசறப்ப பல்லி கத்துச்சுன்னா, பேசுனது நிஜம்னு அர்த்தம். சொர்ணம் உடனே விரலால தரைய 'டொக் டொக்'குன்னு தட்டிட்டு, பல்லியே சொல்லிருச்சுன்னுடுவா. அதுக்கு மேல அந்த வீட்டுல பேச்சே கெடையாது.

அப்போ கோதண்டம் ஸ்க்ரூ டிரைவர எடுத்தாரு. சில பேருக்கு எதையாவது தொறந்தாதான் தூக்கம் வரும், அந்த ஜாதி அவரு. பொட்டி மூடியக் கழட்டிட்டு, கண்ணுல அழுக்கு, அதான் படிக்க முடியலன்னாரு. கை உள்ள வர்றதப் பாத்த பல்லி பதறிப் போயி, தொடாதே தொடாதேன்னு 'ச்சு ச்சு ச்சு'ன்னு கத்துச்சு. சொர்ணம் 'டொக் டொக்'. சுவத்துப் பல்லிதான் சொல்லிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான், அழுக்குன்னு முடிவாயிடுச்சு. பஞ்ச குச்சியில சுத்திக் கண்ணத் தொடச்சாரு. குச்சி முட்டைய உரசுற மாதிரி போயி உரசாம வந்துச்சு; ஓரத்து இருட்டுல முட்டையும் பல்லியும் அவரு கண்ணுல படல. மூடிய மாட்டிப் போட்டுப் பாத்தாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, 'டக்'.

ஹையோ.

அப்புறம் சொர்ணத்துக்கு சந்தேகம், சிடிதான் கெட்டுப்போச்சோன்னு. பக்கத்து வீட்டுல ஒண்ணு வாங்கியாந்து போட்டா. அதுவும் அதே தூரத்துல 'டக்'. அப்போ சிடி மேல தப்பில்ல. கண்ணும் சுத்தம். பின்ன என்னதான் எழவுன்னு ரெண்டு பேரும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டாங்க. கோதண்டம் யோசிச்சு, நகர்ற பாதை வறண்டு போச்சு, எண்ணெ விடணும்னாரு. பல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வேணாம் வேணாம்னு 'ச்சு ச்சு ச்சு'. சொர்ணம் 'டொக் டொக்'. தையல் மிஷின் எண்ணெ 'களக் களக்'குன்னு எறங்குச்சு. ஒரு சொட்டு விடச் சொன்னா ஒம்போது சொட்டு விடுற ஆளு. பல்லி முட்டைக்குக் குறுக்க படுத்துக்கிட்டு எண்ணெய்ய முதுகுல வாங்கிக்கிச்சு.

அதுக்கப்புறம் பொட்டிக்குப் பைத்தியமே புடிச்சுருச்சு. நிறுத்தற பொத்தான அமுக்குனா தட்ட நீட்டுது. தட்ட நீட்டற பொத்தான அமுக்குனா பாடுது. பாடச் சொன்னா சும்மா இருக்குது. ஆனா மூணு பாட்டுக்கு மேல போகல, அதுல மட்டும் தெளிவா இருந்துச்சு. கோதண்டத்துக்குத் தான் பொட்டிய ரிப்பேர் பண்றோமா, பொட்டி தன்னப் பண்ணுதான்னே புரியல. சொல்ற எனக்கே தலை சுத்துது, போ.

ம்... ம்.

தூங்கிடாத, முக்கியமான எடம். மூணாவதா கோதண்டம் கடைக்குப் போயி, உள்ளங்கை அகலத்துல ஒரு புளூடூத் பலகை வாங்கிட்டு வந்தாரு. அத உள்ள வச்சா போன்ல இருக்கற பாட்டெல்லாம் இந்தப் பொட்டி பாடுமாம். ஆனா அதுக்கு எடம் வேணும். கண்ணு, தட்டு, பாதை எல்லாத்தையும் புடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடணும்.

முட்டை?

முட்டையும்தான் போகும். சொர்ணத்துக்கு மனசே இல்ல. எந்தப் போன்லயும் அந்த நாலாவது பாட்டு இல்ல, அந்த சிடியில மட்டும்தான் இருக்கு. ஆனா அவரு கேக்கணுமே. கடைசியில, பல்லி சொல்லட்டும், சொன்னா புடுங்குவோம்னு பேசி வச்சுக்கிட்டாங்க.

அப்போ பொட்டிக்குள்ள பல்லி குழம்பிப் போயி உக்காந்திருந்துச்சு. மொத தடவ கத்துனேன், குச்சி வந்துச்சு. ரெண்டாவது தடவ கத்துனேன், எண்ணெ வந்துச்சு. வேணாம்னுதானே கத்துனேன்? நான் கத்துனா ஏன் இவங்க கை உள்ள வருது? யோசிச்சு யோசிச்சுப் பாத்துச்சு. காரணம் புரியல. ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது: கத்துனா கை வரும்.

கோதண்டம் ஸ்க்ரூ டிரைவரோட நின்னுக்கிட்டுச் சொன்னாரு, "உள்ள இருக்கறத எல்லாம் புடுங்கிடலாம்."

பல்லிக்குத் தொண்ட வரைக்கும் வந்துச்சு. பெத்த வயிறுடி, சும்மா இருக்குமா? வாய இறுக்கி மூடிக்கிச்சு. சத்தமே இல்ல.

அவரு இன்னும் சத்தமா, "புடுங்கிடலாம்"னாரு. ஒரு கொசு பல்லி மூக்குக்கு நேரா பறந்துச்சு. அதுக்குக் கூட வாயத் தொறக்கல.

மூணாவது தடவையும் கேட்டாரு. பல்லி கண்ண மூடிக்கிட்டு, வால முட்டை மேல சுத்தி வச்சுக்கிட்டு, கல்லா கெடந்துச்சு.

சொர்ணம் அவரு கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர மெதுவா வாங்கிக்கிட்டா. "சொல்லலைங்க. விட்டுடுங்க."

இத்தனை நாளா ஓயாம கத்துன பல்லிக்கு இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு அவருக்கு ஒண்ணும் புரியல. பலகையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, பாட்டே இல்லாம குளிக்கப் போயிட்டாரு.

...ம்.

அப்புறம் ரொம்ப நாளு பொட்டிய யாரும் தொடல. ஒரு சாயங்காலம் சொர்ணம் தூசி தட்டறப்ப கை பட்டு 'ஸ்ர்ர்ர்'ன்னு தட்டு வெளிய வந்துச்சு. பாத்தா, தட்டு மேல நகக்கண்ணு ஒசரத்துக்கு ரெண்டு பல்லிக்குட்டி, வாலத் தூக்கிக்கிட்டு, தேர்ல வர்ற மாதிரி வந்து நிக்குது! ரெண்டும் 'சரசர'ன்னு சுவத்துல ஏறிப் போயிருச்சு. கோதண்டம் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பாதை ஓரத்துல வெள்ளையா ரெண்டு ஓடு. தீக்குச்சியால சொரண்டி எடுத்துட்டு சிடியப் போட்டாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு.

நாலு.

குரல் மேல ஏறுச்சு. சொர்ணம் தொடப்பத்தக் கீழ வச்சுட்டு, கண்ணுல தண்ணியோட நின்னா. பொழுது சாஞ்ச நேரத்துல கோதண்டம் துண்ட எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போனாரு.

அப்போதான் சுவத்துலேர்ந்து தாய்ப்பல்லி வாயத் தொறந்துச்சு. 'ச்சு ச்சு ச்சு!'

சொர்ணம் தட்ட விரல நீட்டுனா. நீட்டுன விரல் அப்படியே நின்னுச்சு. கோதண்டம் திரும்பிப் பாத்து, "நாம ஒண்ணுமே பேசலையே, இது எத நிஜம்னு சொல்லுது?"ன்னாரு. ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டே நின்னாங்க.

அத்தை... நெசமாவா?

எனக்கென்ன தெரியும்? அதோ, டியூப் லைட்டு பின்னாடி ஒண்ணு உக்காந்திருக்கு பாரு. அது சொன்னா நெசம். சத்தம் போடாம காது குடுத்துக் கேளு.

...

தேனு?

அதுவும் வாயத் தொறக்கல, இவளும் 'ம்' கொட்டல. ரெண்டு பேரும் வாய மூடிட்டீங்களா, அப்போ கதையும் மூடியாச்சு. தூங்கு, தங்கம்.