நயினார் கோடையில் பனி அள்ளிய கதை

கனடாவில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள், வேண்டாம். அங்கே சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இட்லிக் கடை நடத்திவந்தார்கள். கடை கொம்பையா அண்ணாச்சிக்குச் சொந்தம். ஆவுடையப்பன் சமையல், வேன் ஓட்டுவதும் அவன்தான். மாசானம் பாத்திரம் கழுவுவான். மிச்சமிருக்கிற எல்லா வேலையும் நயினார் தலையில். நாலு பேரும் தங்கமானவர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். எதையுமே அதிகம் நினைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

நயினார் கல்யாண மாலை வாடுவதற்குள் விமானம் ஏறியவன். மூன்று வருஷமாகப் பெண்டாட்டி இசக்கியம்மாள் ஊரில், இவன் இங்கே. நிரந்தரமாகத் தங்க அரசாங்கம் அனுமதி கொடுத்தால்தான் அவள் வர முடியும். அந்த அனுமதியைத்தான் எல்லாரும் பி.ஆர். என்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இசக்கி ஒரே கேள்விதான் கேட்பாள்: "காயிதம் வந்துட்டா?" இவன் "இல்ல" என்பான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். பாவம், அதற்கும் போன் கம்பெனி பில் போட்டது.

பி.ஆருக்கு முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். அண்ணாச்சி அதை ஜனவரி மாதம் ஒரு காலையில் எழுத உட்கார்ந்தார். நயினார் என்ன வேலை செய்கிறான் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். "இவர் என் கடையில் பனி அள்ளுகிறார். கோட்டும் கம்பளித் தொப்பியும் கடை கொடுக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால் அவன் மாவாட்டிக்கொண்டிருந்திருப்பான். இந்தக் கதையும் இருந்திருக்காது.

ஜூன் மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வேலை முழு நேர வேலையாக இருக்க வேண்டும். ஒரு பருவத்தில் இருந்து இன்னொரு பருவத்தில் இல்லாமல் போகிற வேலை செல்லாது, ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். இதற்கு ஆதாரமாக வேலை செய்யும் புகைப்படங்களை அனுப்பவும். பொய்த் தகவல் கொடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடி.

நாலு பேரும் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. மேப்பிள் மரம் பச்சைப்பசேலென்று நின்றது.

"பனி எங்கனடே?" என்றார் அண்ணாச்சி.

"ஏப்ரல்லயே உருகிட்டு அண்ணாச்சி," என்றான் நயினார்.

"அப்ப உனக்கு வேலையே இல்லைன்னு ஆகுதுல்லா?"

நயினார் அப்போது உளுந்து கழுவிக்கொண்டிருந்தான். அதை நிறுத்திவிட்டு, தனக்கு வேலையே இல்லாமல் போனதை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாசானத்துக்கு ஒரு யோசனை வந்தது. வராத இடத்தில் வந்ததால் அவனே கொஞ்சம் பயந்துவிட்டான். "அண்ணாச்சி, இவன் தெனமும் மாவாட்டுதான். வெங்காயம் உரிக்கான். வருஷம் முழுக்கச் செய்யுதான். அதை எழுதிருவமா?"

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏல, கூறுகெட்டவனே! லெட்டர்ல என்ன போட்டிருக்கு? பனி அள்ளுதான்னு. இப்ப மாவாட்டுதான்னு எழுதினா முந்தி எழுதுனது பொய்யாயிரும்லா? பொய் சொன்னா தள்ளுபடின்னு அவன் தெளிவாப் போட்டிருக்கான்."

"அப்ப இவன் மாவாட்டுறது?" என்றான் ஆவுடையப்பன்.

"அதாம்டே ஆபத்து. லெட்டர்ல இல்லாத வேலை. இந்த நிமிஷத்துலருந்து நயினார் கிரைண்டரைத் தொடப்படாது."

அப்படியாக, செய்த வேலை நின்றது. செய்யாத வேலைக்கு வழி தேட ஆரம்பித்தார்கள்.

வழி ஆவுடையப்பனிடம் இருந்தது. ஊரின் கோடியில் பனிச்சறுக்கு விளையாடும் அரங்கம் ஒன்று உண்டு. உள்ளே கோடையிலும் ஐஸ் தரை. அதைத் தினமும் சுரண்டிச் சமப்படுத்தி, சுரண்டிய தூளைப் பின்பக்கம் மலைபோலக் கொட்டுவார்கள். எடுத்துப்போனால் யாரும் கேட்பதில்லை, எடுத்துப்போக யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மறுநாள் காலை ஆவுடையப்பன் வேன் நிறைய ஐஸ் தூள் கொண்டுவந்தான். மாசானம் அதை வாசலில் பரப்பினான். நயினார் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு ஷவலால் அள்ளினான். கோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். கடிதத்தில் கோட்டு இருந்தது. அவ்வளவுதான். வேர்வை தொப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, அள்ள வேண்டிய பனியைக் கொஞ்சம் கரைத்தது.

இதில் ஒரு சிக்கல். நயினார் சுறுசுறுப்பானவன். வேன் பனியைச் சீக்கிரமே அள்ளி முடித்துவிட்டு நின்றான்.

"என்னடே நிக்க?" என்றார் அண்ணாச்சி.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"முடிஞ்சிட்டா? முழு நேர வேலைன்னு போட்டிருக்கான். பாதி நேரத்துல முடிச்சா உன் பெண்டாட்டி எங்கருந்து வருவா?"

அதற்குப் பிறகு நயினார் அள்ளியதை மாசானம் கூடையில் வாங்கி மறுபடியும் பழைய இடத்தில் கொட்டினான். கரைந்துபோன அளவுக்கு ஆவுடையப்பன் புதிதாகக் கொண்டுவந்தான். சமையலுக்கு ஆள் இல்லை, பாத்திரம் கழுவ ஆள் இல்லை. அண்ணாச்சியே மாவாட்டினார், சட்னி அரைத்தார், தட்டு கழுவினார். இட்லி கல்லாக வந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் வாசலில் வழுக்கி விழுந்து, இட்லியைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் புத்திசாலிகள் என்று சொல்ல வேண்டும்.

பக்கத்து டயர் கடை வெள்ளைக்காரர் ஒருநாள் வந்து நெடுநேரம் பார்த்தார். "என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

"இமிக்ரேஷன்," என்றான் ஆவுடையப்பன்.

அவர் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

புகைப்படங்களும் கடிதமும் போயின. அங்கே அவற்றைப் பிரித்த அதிகாரியம்மாவுக்குத் தலை சுற்றியது. பின்னால் மரம் நிறைய இலை. மரத்தடியில் அரைக்கால் சட்டை போட்ட குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. முன்னால் ஒருவன் கம்பளித் தொப்பியோடு பனி அள்ளுகிறான். படம் ஒட்டுவேலை என்று முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடிக்க நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவர் காரை விட்டு இறங்கி, பனியில் வழுக்கி, காரையே பிடித்துக்கொண்டு நின்றார். படம் உண்மைதான்.

அவர் இங்கிலீஷில் கேட்டார். அண்ணாச்சி தன்னிடம் இருந்த இங்கிலீஷில் சொன்னார். நமக்கு எதற்கு இரண்டும், தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இது என்ன?"

"பனி அம்மா."

"எங்கிருந்து வந்தது?"

"நாங்கதான் கொண்டுவந்தோம்."

"எதற்கு?"

"அள்ளுறதுக்கு."

அதிகாரியம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்கள் கொண்டுவராமல் இருந்தால், அள்ள வேண்டிய அவசியமே இல்லையே?"

"அதைத்தாம்மா நாங்களும் சொல்லுதோம்!" அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னைப் புரிந்துகொண்ட முதல் அதிகாரி இவர்தான். "கொண்டுவராட்டா வேலை இல்லாமப் போயிரும். வருஷம் பூரா வேலை இருக்கணும்னு நீங்கதான் சொல்லிருக்கிய."

அதிகாரியம்மா நயினாரைப் பார்த்தார். கோட்டுக்குள் அவன் பாதி வெந்துபோயிருந்தான். "இதற்கு முன்னால் கோடையில் இவர் என்ன செய்தார்?"

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்தார். பொய் சொன்னால் தள்ளுபடி, உண்மையைச் சொன்னாலும் தள்ளுபடி என்று அவருக்குத் தோன்றியது. கடைசியில் கையைக் கூப்பி, "அம்மா, மறைக்க மாட்டேன். இவன் மூணு வருஷமா காலைலருந்து ராத்திரி வரைக்கும் மாவாட்டிருக்கான். வெங்காயம் உரிச்சிருக்கான். காய்கறி நறுக்கிருக்கான். ஒருநாள் கூட லீவு கிடையாது. ஆனா லெட்டர் பாத்த அன்னைக்கே நிறுத்திட்டோம். சத்தியமா இப்ப ஒரு வெங்காயங்கூடத் தொடுறதில்ல. இவனை மன்னிச்சிருங்க. பெண்டாட்டி ஊர்ல காத்துக்கிட்டிருக்கா," என்றார்.

நயினார் ஷவலைக் கீழே போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

அதிகாரியம்மா உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாசானம் மோர் கொடுத்தான். இரண்டு தம்ளர் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அண்ணாச்சி என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சமையலறை உதவியாளர். மாவாட்டுதல், வெங்காயம் உரித்தல், காய்கறி நறுக்குதல். முழு நேரம். ஆண்டு முழுவதும். நல்ல மனுஷி. வேறு ஆளாக இருந்தால் காரைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார், வேலையையும் விட்டிருப்பார்.

"அப்ப பனி?" என்றார் அண்ணாச்சி.

"பனியை மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ, அதை மட்டும் இவர் செய்தால் போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

இலையுதிர் காலத்தில் அனுமதி வந்தது. நயினாருக்கும் இசக்கிக்கும் சேர்த்து. நயினார் அந்தக் காகிதத்தைக் கிரைண்டர் மேல் வைத்துக் கற்பூரம் காட்டினான்.

பிறகு பனிக்காலம் வந்தது. முதல் நாள் கணுக்கால், அடுத்த வாரம் முழங்கால். நயினார் கடிதத்தின்படி மாவாட்டிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரில் யாருக்கும் பனி அள்ளும் கடிதம் கிடையாது. கோடையில் மாசானம் எடுத்து வைத்த ஷவல், ரோட்டோரம் கடையின் பெயர்ப்பலகையில் சாய்ந்தபடியே நின்றது. கிறிஸ்துமஸ் வந்தபோது கடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இடுப்பளவு பனி. உள்ளே இருந்தவர்கள் பின்பக்கச் சந்து வழியாகப் போய்வந்தார்கள். அப்படி ஒரு வழி இருப்பது சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு மத்தியானம் ரோட்டில் டாக்ஸி வந்து நின்றது. பட்டுச்சேலை மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இசக்கி இறங்கினாள். கூப்பிடப் போகாமல் நயினார் ஏன் கடையில் இருந்தான் என்றால், முழு நேர வேலை.

கதவைத் திறந்தான். நாலு வருஷம் கழித்து அவளைப் பார்த்தான். கையெல்லாம் மாவு, கண்ணெல்லாம் தண்ணீர். வெளியே வைக்க ஒரு காலைத் தூக்கினான்.

அண்ணாச்சி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏல, கால வச்சா பனி நகரும்லா! நகந்தா அள்ளுன கணக்கு! கையில கிடைச்சதைக் கெடுத்துக்கிடாதே!"

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று இசக்கி அங்கிருந்து கத்தினாள். நாலு பேரும் கவலையோடு கையை ஆட்டினார்கள்.

இசக்கி பருத்திக் காட்டில் வேலை பார்த்தவள். இதற்கெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், பலகையில் சாய்ந்திருந்த ஷவலை எடுத்தாள். பனி இரண்டு பக்கமும் பறந்தது.

"அண்ணாச்சி! மைனி வேலை பாக்காவ!" என்று அலறினான் மாசானம்.

"லெட்டர் இல்லாமலா!" அண்ணாச்சி ஓடிப்போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து, கதவு நிலையில் வைத்தே எழுத ஆரம்பித்தார். "பனி அள்ளுதல்… முழு நேரம்… ஆண்டு முழுவதும்…"

"ஆண்டு முழுக்கன்னா, கோடைக்கு?" என்றான் ஆவுடையப்பன்.

"வேன் இருக்குல்லாடே."

இசக்கி வாசற்படிக்கு வந்துசேர்ந்தாள். முகம் சிவந்து, மூச்சு புகையாகப் போக, கை எட்டும் தூரத்தில் நின்றாள். ஷவலைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் முகத்தையே பார்த்தாள். இந்த நாளில் அவளிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாக யோசித்து வைத்திருந்த நயினார், அதையெல்லாம் மறந்துவிட்டு, அண்ணாச்சி எழுதுகிற தாளை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"இசக்கி," என்றான், "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கொண்டாந்திருக்கியா?"