எட்டாவது படித்தவளின் பள்ளிக்கூடம்

தையல்காரி செங்கமலம் மகளை வீட்டிலேயே படிக்கவைத்தாள். மகள் பத்தாவது பரீட்சை எழுத, கல்வி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

வந்தவர் கணக்கில் முதுகலை. அதைச் சொல்லிக்கொண்டேதான் படியேறினார்.

“நீ என்னம்மா படிச்சிருக்கே?”

“எட்டாவது சார்.”

“எட்டாவது, பத்தாவதுக்குப் பாடம் எடுக்குதாக்கும்?” சிரித்தவர் மகள் பூங்கோதை பக்கம் திரும்பினார். “மைனஸ் மூணை மைனஸ் ரெண்டால பெருக்கினா?”

“பிளஸ் ஆறு சார்.”

“சரி.”

செங்கமலம் மெஷினை நிறுத்தினாள். “ரெண்டுமே குறைச்சல். பெருக்கினா எப்படி சார் கூடும்?”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். “அது விதிம்மா. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கணும்.”

“இந்த வீட்ல அந்தப் பதில் செல்லாது சார். நான் பாடமே எடுக்கறதில்லை. எனக்குப் புரியற வரைக்கும் அவதான் விளக்கணும்.”

அதிகாரி கையெழுத்தைப் போட்டார். பிறகு முக்காலியை மகள் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் சொல்லு பாப்பா. ஏன் கூடுது?”