கிருபைக்காக ஒரு ஜெபம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுத்துவந்தவர் எப்சிபா. சனிக்கிழமை சாயங்காலங்களில் சர்ச் மண்டபத்தில் எழுத்து வகுப்பும் எடுத்தார். எழுத ஆசைப்படும் யாரும் வரலாம். வந்தவர்களில் மூத்தவர் ஞானசிகாமணி. தபால் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். டீச்சரைவிட வயதில் வெகுவாகப் பெரியவர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி சுகிர்தத்துக்கு முதல் வருஷ நினைவு ஜெபம் வருது டீச்சர். அவளைப் பத்தி நான்தான் வாசிக்கணும். எழுதிட்டேன்."

வாசித்தார். இல்லத்தின் ஒளிவிளக்கு, பொறுமையின் சிகரம், ஈகையின் ஊற்று. குரல் கணீரென்று இருந்தது. ஒரு சொல்லிலும் பிழை இல்லை.

"மகள்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். நல்லாயிருக்குப்பா, யாரைப் பத்தின்னு கேட்டா."

எப்சிபா சிரிக்கவில்லை.

"நீங்க எந்தக் காலேஜ்ல எழுதக் கத்துக்கிட்டீங்க டீச்சர்? அங்க சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொல்லுங்க."

காலேஜ் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கப்பா உபதேசியார்," என்றார். "தேரிக்காட்டு ஊர். செம்மண்ணு, பனை, ஓலை வேய்ஞ்ச சின்னக் கோயில். பாதிரி ஐயர் எப்பவாவதுதான் வருவார். மத்த நாளெல்லாம் மணியடிக்கிறதும் அப்பாதான், பிரசங்கமும் அப்பாதான். அவர் ஜெபத்தைக் கேக்கப் பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் வருவாங்க. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரேன்னு ஆரம்பிச்சார்னா, கடலைப் பிளந்து, வனாந்தரத்தைத் தாண்டி, சாவகாசமா எங்க ஊருக்கு வந்து சேருவார். அதுக்குள்ள நானும் தம்பியும் முழங்கால்ல நின்னபடியே தூங்கிருவோம்."

அந்தத் தூக்கம் இப்போதும் எங்கோ மிச்சமிருப்பதுபோல் அவர் முகம் இளகியது.

"தம்பி பேரு கிருபை. சின்ன வயசுலேயே காய்ச்சல்ல போயிட்டான்."

ஞானசிகாமணி கையிலிருந்த தாளை மடித்தார்.

"கல்லறைத் தோட்டத்துல ஐயர் ஆராதனையை முடிச்சுட்டு, உபதேசியாரே, நீங்களும் ஒரு ஜெபம் பண்ணுங்கன்னார். ஊரே கண்ணை மூடுச்சு. அப்பா, வானத்தையும் பூமியையும்னு ஆரம்பிச்சார். அதுக்கு மேல வரல. பனையோலைச் சத்தம் மட்டும் கேட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம், வீட்டுல பேசுற குரல்ல பேசினார். ஆண்டவரே, அவனுக்கு இருட்டுன்னா பயம். வெறுஞ்சோறு இறங்காது, ஒரு துண்டு கருவாடாவது வேணும். அக்கா கையைப் பிடிச்சாத்தான் தூங்குவான். கோவம் வந்தா சாப்பிடாமப் போய்ப் படுத்துக்கிடுவான், எழுப்பிக் குடுங்க. ஆமென்."

எப்சிபா தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவனைப் பார்த்தே இராதவங்களும் அன்னைக்கு அழுதாங்க. அடுத்த ஞாயிறு அப்பா மறுபடியும் கடலைப் பிளக்கப் போயிட்டார். அந்த ஜெபமெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு."

ஞானசிகாமணி மடித்த தாளைப் பைக்குள் வைத்தார்.

"சுகிர்தத்துக்கு இடது காது கேக்காது," என்றார் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்ல மாட்டா. கூட்டத்துல என்னை அந்தப் பக்கமா நிக்கவைப்பா. அங்கேர்ந்து யாராவது பேசினா நான் அவ கையைத் தொடணும். கல்யாணமான நாள்லேர்ந்து அந்தப் பக்கந்தான் நின்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஏதோ உறுத்தியதுபோல் நிமிர்ந்தார்.

"ஆனா டீச்சர், இதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியாதா? அவர்கிட்டப் போய் எதுக்குச் சொல்லணும்?"

"அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வர்றப்போ நானும் அப்பாகிட்ட அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அவருக்குத் தெரியும்மா. ஆனா பிள்ளையை ஒரு வீட்டுல விட்டுட்டு வாறவன், எல்லாத்தையும் சொல்லிட்டுல்லா வரணும்'னார்."