வடகுளத்தில் நஞ்சா என்று கேட்ட முரசு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குச் செய்தி சலித்துப்போயிற்று. கதைக்கு ஆரம்பம் இதுதான், பின்னால் வந்த அத்தனை கேட்டுக்கும் ஆரம்பம் இதுதான். அந்த ஊர் வழக்கப்படி தினமும் விடிந்ததும் அரண்மனை முரசு தெருத்தெருவாகப் போகும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, சந்தைக்கு என்ன வந்திருக்கிறது, யாருடைய மாடு காணவில்லை என்று முரசுக்காரன் சொல்லிக்கொண்டே போவான். ராஜா உப்பரிகையில் நின்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார். ஒரு நாள் சபையில் கேட்டே விட்டார்.

"மாடு காணவில்லை என்று கேட்கவா நான் முடி சூட்டிக்கொண்டேன்? மயிர் கூச்செறிய ஒரு செய்தி சொல்ல இந்த நாட்டில் ஆளே இல்லையா?"

ஆள் இருந்தார். வல்லபராயர் என்று பெயர். பதவியில் எல்லோருக்கும் மேலே, பொறாமையிலும் எல்லோருக்கும் மேலே. முரசை அன்றே தம் கையில் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு இடைஞ்சல் இருந்தது. முரசில் பொய் சொன்னால் சொன்னவன் நாக்கு போகும் என்று ராஜாவின் பாட்டனார் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. வல்லபராயர் யோசித்தார். பொய் சொன்னால்தானே நாக்கு போகும்? கேள்வி கேட்டால்?

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளம் ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. முந்நூறு குடும்பங்கள் ஓடத்தில் ஏறி இக்கரைக்கு வந்து, வடகுளத்துக்குக் கீழே, ஆற்றோரம் குடிசை போட்டிருந்தார்கள். கூடை முடைந்தார்கள், நெல் குத்தினார்கள், ஊர்க்காரர் யாரும் செய்யாத வேலைகளையெல்லாம் செய்தார்கள். முரசு அவர்களைப் பிடித்துக்கொண்டது.

"அக்கரையார் எதற்காக வந்திருக்கிறார்கள்? யார் அறிவார்?" இது முதல் நாள். "அவர்கள் கூடைக்குள் என்ன இருக்கிறது? யார் அறிவார்?" இது மூன்றாம் நாள். கீழத்தெருவில் போகும் முரசு, "மேலத்தெருவில் என்னவோ பேசிக்கொள்கிறார்களாமே?" என்று கேட்கும். மேலத்தெருவில் போகும் முரசு, "கீழத்தெருவில் என்னவோ பேசிக்கொள்கிறார்களாமே?" என்று கேட்கும். மழை பெய்து குளம் கலங்கிய மறுநாள், "வடகுளத்துத் தண்ணீரில் நஞ்சா? யார் அறிவார்?" என்று கேட்டது. அதற்குப் பிறகு தினமும் அதையே கேட்டது.

ஊர் மாறிப்போயிற்று. பெண்கள் வடகுளத்துக்குப் போவதை விட்டார்கள். பொழுது சாயுமுன்னே கதவுகள் சாத்திக்கொண்டன. வயிற்றுவலி வந்த குழந்தையையெல்லாம் நஞ்சு குடித்த குழந்தை என்று மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் அழுதார்கள். கூடை விற்க வந்த ஒருத்தியைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். கல் பட்டவளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்கும் இந்த இடத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை.

ராஜாவுக்கு மட்டும் கொட்டாவி நின்றுவிட்டது. விடியுமுன்னே எழுந்து உப்பரிகையில் காத்து நிற்பார். முரசு கேட்டதும் உடம்பு நடுங்கும், இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் என்றும் இருக்கும். நாற்பதாம் நாள் அந்த நடுக்கத்திலேயே ஓர் ஆணை போட்டார். மறுநாள் சூரியன் மறைவதற்குள் அக்கரையார் அத்தனை பேரையும் ஆற்றில் இறக்கி அனுப்பிவிட வேண்டும். ஆற்றில் கழுத்துக்கு மேல் வெள்ளம். ஓடங்களை வல்லபராயரின் ஆட்கள் எப்போதோ எரித்துவிட்டிருந்தார்கள்.

அந்தச் சபையில் வெண்காடன் என்று ஒரு விகடன் இருந்தான். வாசலோரம் கடைசி இருக்கை அவனுடையது. ராஜா எதைக் கேட்டாலும் பதவி வரிசைப்படிதான் பதில் சொல்லவேண்டும் என்பது அந்தச் சபையின் முறை. முதலில் வல்லபராயர், கடைசியில் வெண்காடன். அவன் முறை வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அவன் சொன்னதும் எழுந்து சிரிப்பார்கள். ஆணையைக் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றான்.

"மன்னா, தங்கள் முரசு தங்கள் குரல்தானே?"

"அதில் என்ன சந்தேகம்?"

"அப்படியானால் தாங்கள் நாற்பது நாளாகக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அரசர் கேட்டுப் பதில் சொல்லாதிருப்பது குற்றமல்லவா? பதில் வருமுன்னே தண்டனை கொடுத்தால், கேட்டது எதற்கு என்று நாளை யாராவது கேட்பார்களே!"

ராஜா சிரித்தார். வல்லபராயரும் சிரித்தார். இவனை ஒழிக்க இதைவிட நல்ல வேளை வராது என்று அவருக்குப் பட்டது.

"அரசே, வெண்காடன் சொல்வது நியாயம். அவனே பதில் சொல்லட்டும். நாளை உச்சிப்பொழுதில், இதே சபையில், வடகுளத்துத் தண்ணீர் ஒரு செம்பு குடிக்கட்டும். தண்ணீரை நானே தருவிக்கிறேன்."

"நல்லது. கேள்விக்குப் பதில் வராவிட்டால் வெண்காடனின் தலை போகும்" என்றார் ராஜா.

நானே தருவிக்கிறேன் என்ற சொல் வெண்காடனுக்கு வீட்டு வாசலில்தான் உறைத்தது. குளத்தில் நஞ்சு இல்லை, அது அவனுக்குத் தெரியும். செம்பில்? அவன் மனைவி தையல்நாயகி அவன் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"உங்களை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது?"

"யாராவது தொறக்கணுமே."

"எங்கேயாச்சும் ஓடிப்போயிடலாமா?"

"எங்கே? ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"அங்கே போனா நாமதான் அக்கரையாரு" என்றாள். சோறு போட்டாள். இரண்டு பேராலும் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் சபை நிறைந்திருந்தது. வல்லபராயரின் ஆள் ஒரு செம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வெண்காடன் செம்பைப் பார்த்தான், அதைக் கொண்டுவந்தவனைப் பார்த்தான். அந்த ஆள் தன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். வெண்காடன் செம்பைத் தொடவில்லை.

"மன்னா, கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்" என்றான்.

முரசுக்காரன் சபையிலேயே முரசை அறைந்து, "வடகுளத்துத் தண்ணீரில் நஞ்சா? யார் அறிவார்?" என்று கூவினான்.

"கேட்பது யார்?" என்றான் வெண்காடன்.

"நான்தான்" என்றார் ராஜா.

"என்னை மட்டுமா?"

"எல்லோரையும்தான்."

"மன்னா, பத்தொன்பது வருஷமாக இந்தச் சபையில் தங்கள் கேள்விக்கு நான் கடைசியில்தான் பதில் சொல்லியிருக்கிறேன். வல்லபராயருக்கு முன்னால் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. சாகப்போகிற நாளில் முறை தவறினேன் என்ற பழி எனக்கு வேண்டாம். முதல் பதில் அவருடையது. மற்றவர்களும் வரிசையாகக் குடிக்கட்டும். கடைசி மடக்கு எனக்கு."

வரிசையில் இரண்டாவதாக இருந்த சேனாபதி தம் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ராஜா தாடியைத் தடவினார். "முறை முறைதான். வல்லபராயரே, குடியும்."

வல்லபராயர் செம்பை எடுத்தார். தண்ணீர் தளும்பியது. விரலில் பட்ட துளியை அவசரமாகத் துண்டில் துடைத்தார். "அரசே, இன்று எனக்கு விரதம்" என்றார்.

"விரதத்தில் தண்ணீர் குடிக்கலாமே" என்றார் ராஜா.

வல்லபராயர் குடிக்கவில்லை. ராஜா அரண்மனைத் தடாகத்திலிருந்து ஒரு மீனைப் பிடித்துவந்து செம்பில் விடச் சொன்னார். மீன் இரண்டு சுற்றுச் சுற்றியது, பிறகு வயிற்றை மேலே காட்டி மிதந்தது. உடனே தம் சொந்தக் காவலனைக் குதிரையில் அனுப்பி வடகுளத்துத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரச் செய்தார். அதில் விட்ட மீன் துள்ளிக்கொண்டே இருந்தது. வல்லபராயரின் ஆள் தரையில் விழுந்து, செம்பில் கலந்ததும் தான், கலக்கச் சொன்னதும் அவர் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டான்.

வல்லபராயரைக் காவலர் இழுத்துப்போனார்கள். ராஜா முதலில் மெல்லச் சிரித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது நாளும் அவரோடு சேர்ந்து நடுங்கியவர்களும் அவர்களேதான். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். "வேறு என்ன வேண்டும்?"

"ஆணையைத் திரும்பப் பெறவேண்டும் மன்னா. பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரைக்குச் செய்தி போகவேண்டும்."

"பெற்றேன். முரசறைந்து சொல்லுங்கள்!" என்ற ராஜா, வெண்காடன் படி இறங்குமுன்னே பின்னால் கூப்பிட்டார். "அது சரி, நாளைக் காலையில் முரசு என்ன சொல்லும்?" என்று ஆசையாகக் கேட்டார். வெண்காடன் கேட்காதவன்போல ஓடினான்.

முரசுக்காரன் முன்னால், அவன் பின்னால். வடகுளத்துக் கரை ஏறியதும் முரசுக்காரன் நல்ல செய்தி சொல்லும் உற்சாகத்தில் ஓங்கி அறைந்தான். கீழே குடிசைகளிலிருந்து ஜனங்கள் வெளியே ஓடிவந்தார்கள். துரத்தத்தான் முரசு வருகிறது என்று நினைத்து, பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு, முரசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றில் இறங்கினார்கள். "கேளுங்கள்! கேளுங்கள்!" என்று அவன் இன்னும் ஓங்கி அறைந்தான். அறைய அறைய அவர்கள் வேகமாக ஆழத்துக்குப் போனார்கள்.

வெண்காடன் முரசுக்காரன் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கி எறிந்தான். சரிவில் விழுந்து எழுந்து ஓடி, துணியோடு தண்ணீரில் இறங்கினான். எல்லோருக்கும் முன்னால் மார்பளவு வெள்ளத்தில் மாயக்கா என்பவள் தன் மகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நெற்றியில் கல் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

"தாயி, நில்லு! போக வேண்டாம்!"

"முரசு என்னா சொல்லுது?"

"முரசை விடு. நான் சொல்றேன். யாரும் போக வேண்டாம். ராசா ஆணையை எடுத்துட்டாரு."

"நீ அரமனை ஆளுதானே?"

"ஆமா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளம் அவளை இழுத்தது, காலை ஊன்றிக்கொண்டாள். "நாளைக்கு?" என்றாள்.

அவனுக்கும் பயமாக இருந்தது, அவளுக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு. "நாளைக்குத் தெரியாது தாயி" என்றான். "இன்னைக்கு இல்லை."

மாயக்கா குழந்தையைத் தலைக்கு மேலிருந்து இறக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"இவளைப் பிடி. நான் போய் மத்தவங்களைக் கூப்பிடுறேன்."