குடியிருந்தால்தான் குடி

முன்னொரு காலத்திலே, ஆறுகளெல்லாம் தம் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நாளிலே, மருதங்கோட்டை என்றொரு நாட்டை மார்த்தாண்ட ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு எப்போது எது தோன்றும் என்று அவருக்கே தெரியாது. போன மாதம் கிளிப் பைத்தியம். இந்த மாதம் புறா. கோட்டைக்கு வடக்கே சும்மா கிடந்த குதிரைத் திடலில் புறாக்களுக்கு மூன்றடுக்கு மாளிகை கட்டலாம் என்று அவர் காதில் ஓதியவர் சபைப் புலவர் தாண்டவராயர். எப்போதோ விருந்தாளியாக வந்த இந்தப் புலவர், விருந்தினர் மாளிகையிலேயே சட்டமாகத் தங்கிவிட்டவர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

மந்திரி தெய்வநாயகத்துக்கோ அந்தத் திடல் வேறொரு காரியத்துக்கு வேண்டியிருந்தது. ஐப்பசி வெள்ளம் ஆற்றங்கரைக் குடிசைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்த சனங்கள் சட்டி பானையோடு கோட்டை மதிலோரம் ஒதுங்கினார்கள். பார்க்க நன்றாயில்லை என்றார் ராஜா, குளக்கரைக்குப் போனார்கள். அங்கே தெப்பத் திருவிழா வந்தது, சந்தைக்குப் போனார்கள். வியாபாரிகள் விரட்டினார்கள்; திரும்ப மதிலுக்கே வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மந்திரி சபையில் எழுந்து கேட்பார். ஒவ்வொரு முறையும் ராஜா "பார்ப்போம்" என்பார். அந்தப் 'பார்ப்போம்' காதில் விழுந்தாலே மந்திரிக்குப் பல் கூசியது.

ஒருநாள் காலை, சபைக்குப் போகிற மந்திரியை மதிலோரத்துப் பூவாயி வழிமறித்தாள்.

"சாமி, எம்மவளுக்கு நிறைமாசம். எந்நேரமும் வலி எடுக்கலாம். நாளைக்கு யானையை விட்டு எங்களை வெரட்டப் போறாங்களாமே. யானைக் காலுக்கு அடியிலயா அவ பிள்ளை பெத்துக்கறது?"

"இன்றைக்குக் கேட்கிறேன், பூவாயி."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

மந்திரி நடையை எட்டிப் போட்டார். சபையில் அவர் வாயெடுத்ததுமே ராஜா கொட்டாவி விட்டார்.

"மறுபடியும் குதிரைத் திடலா? வீடு கொடுப்பது தர்மம் ஐயா. மனசு வந்தால் கொடுப்பேன். இப்போது மனசு புறா மேல் இருக்கிறது."

"தர்மம் கேட்கவில்லை, மகாராஜா. தங்கள் குடிகள் தங்களுக்கு உரியதைக் கேட்கிறார்கள்."

தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "சொற்குற்றம், மந்திரியாரே. குடியிருப்பவன்தான் குடி. குடியிருக்க ஒரு கூரை இல்லாதவன் எப்படிக் குடியாவான்? குடியே இல்லாதவனுக்கு உரிமை ஏது?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்படிப் போடும், புலவரே. மதிலோரத்து ஆட்கள் நம் குடிகள் அல்லர். முரசறைந்து சொல்லுங்கள். மந்திரி, இந்த ஆணை தப்பு என்று காட்டிவிட்டால் திடல் உமக்கு."

"நான் எதையும் காட்டவில்லை" என்றார் மந்திரி அலுப்போடு. "ஆணைப்படியே நடந்துவிட்டுப் போகிறேன்."

மத்தியானம் ராஜா இலைமுன் உட்கார்ந்தார். சோற்றில் ஆவி பறந்தது, நெய் மணத்தது. கை வைக்கப் போகும் சமயம் மந்திரி குறுக்கே வந்து நின்றார்.

"பொறுங்கள், மகாராஜா. கோட்டை வாசலுக்கு அயல்நாட்டார் வந்திருக்கிறார்கள்."

அந்த வம்சத்துக்கு ஒரு வழக்கம். அயல்நாட்டார் வாசலில் நின்றால், அவர்களை விருந்தினர் மாளிகையில் இறக்கி, பாயும் விளக்கும் கொடுத்த பிறகுதான் ராஜா சோற்றில் கை வைக்கலாம். இதுவரை யாரும் மீறியதில்லை.

"எந்த நாட்டார்?"

"அது தெரியவில்லை. நம் குடிகள் இல்லை என்று மட்டும் காலையில் தாங்களே முரசறைந்து சொன்னீர்கள்."

ராஜாவுக்கு விளங்கிவிட்டது. "அவர்களா? விரட்டும்."

"வேற்று நாட்டாரை யானை விட்டு விரட்டினால் அது போர், மகாராஜா. எந்த நாட்டின் மேல் என்று தெரியாமல் எப்படிப் போர் தொடுப்பது?"

ராஜாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. "சரி, சரி. இறக்கிவையும்."

"இறக்கியாயிற்று."

சொல்லி வாய் மூடவில்லை, தாண்டவராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா, கூடத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். என் பட்டு அங்கவஸ்திரத்தைத் தூளி கட்டிவிட்டார்கள். என் கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி படுத்துக்கொண்டு, கதவைச் சாத்து என்கிறாள்."

"விருந்தாளிகள், புலவரே. நீர் ஓர் ஓரமாக இருந்துகொள்ளும்" என்றார் மந்திரி.

"எந்த ஓரம்? கால் வைக்க இடமில்லை. நான் எங்கே போவேன்?"

"மதிலோரம் இப்போது காலிதான்."

"விளையாடாதீர். இவர்களா விருந்தாளிகள்? ஆற்றங்கரைச் சனம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த நாட்டுக் குடிகள்."

இலைமேல் போன ராஜாவின் கை நின்றது. "என்ன சொன்னீர்?"

"குடிகள், மகாராஜா, நம்முடைய..." புலவரின் வாய் பாதியில் மூடிக்கொண்டது.

"குடி என்றால் கூரை உண்டு என்பது உம் கணக்கு" என்றார் ராஜா. " அப்போது நான் கூரை கொடுத்தாக வேண்டும். குடி இல்லை என்றால் விருந்தாளி. உம் கட்டில் அவர்களுக்கு. ஏதாவது ஒன்றைச் சொல்லும், சோறு ஆறுகிறது."

தாண்டவராயர் தரையைப் பார்த்தபடி, "குடிகள்தான்" என்றார்.

"கூரை போனதால் அவர்கள் குடியாக இல்லாமல் போய்விடவில்லை, மகாராஜா" என்றார் மந்திரி. "குடியாக இருப்பதால்தான் கூரை வேண்டும். இவ்வளவுதான் நான் இத்தனை நாளாகச் சொன்னது."

ராஜாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "திடல் அவர்களுக்கு. வீடு எழும்பும்வரை மாளிகையிலேயே இருக்கட்டும். புலவர் மதிலோரம் இருந்துகொண்டு கீற்றுச் சுமக்கட்டும்." பிறகு முகம் மலர்ந்தது. "அந்த இடத்துக்கு 'மார்த்தாண்ட தர்மபுரி' என்று பெயர் வைத்தால் எப்படி?"

மந்திரி கண்ணை மூடித் திறந்தார். "தர்மம் என்று பெயர் வைத்தால், மனசு மாறும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம், மகாராஜா."

ராஜா தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

சாயங்காலமே திடலில் கயிறு பிடித்து முளை அடித்தார்கள். அவரவர் மனையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக நின்றவள் பூவாயி.

"எம்மவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றாள். "நான் யார் கால்ல விழணும் சாமி, ராசா கால்லயா, உங்க கால்லயா?"

"யார் காலிலும் வேண்டாம். உன் இடம் அது."

அவள் முளையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கா இம்புட்டு நாளு?"

மகளுக்குக் கஞ்சி காய்ச்ச நேரமாயிற்று என்று பூவாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள்.