அல்லிக்குளத்தில் இறங்கிய மாடுகள்

வெகுகாலத்துக்கு முன்பு மேலவாடி என்னும் நாட்டை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டான். கொடியவன் அல்ல. ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் நியாயத்தை மறந்துவிடுவான். அவனைச் சிரிக்க வைத்தே பதவியில் உயர்ந்தவர் அரண்மனைத் தோட்டங்களின் அதிகாரி அனந்தராயர்.

ஒரு கோடையில் பட்டத்து யானை மிரண்டோடி, ஊராரின் வெற்றிலைக் கொடிக்கால்களை மிதித்து நாசமாக்கியது. கொடிக்கால்காரர்கள் அரண்மனை வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். பேச்சு நடந்தது, அரண்மனை ஈடாக நெல் கொடுத்தது. சமாதானம் ஆகிவிட்டால் இரு தரப்பும் ஒரே வெற்றிலையைக் கிழித்து ஆளுக்குப் பாதி மென்று, "உங்கள் மேல் எங்களுக்கோ, எங்கள் மேல் உங்களுக்கோ இனி எந்த வழக்கும் இல்லை" என்று சொல்வது அந்த நாட்டு முறை. ஊருக்காகச் செம்பாயி என்பவளும் அரண்மனைக்காக அனந்தராயரும் மென்றார்கள்.

மறு கோடையில் ராயர் அரசனுக்காக ஒரு அல்லிக்குளம் வெட்டினார். கொடிக்கால் வாய்க்காலை மறித்து அதற்குத் தண்ணீர் கொண்டுபோனார். செம்பாயி சபைக்கு ஓடிவந்தாள்.

"ராசாவே, தண்ணி இல்லாம கொடி சுருளுது. கொடி போனா எங்க ஊருக்குச் சோறு இல்ல. வாய்க்காலைத் திறக்கச் சொல்லுங்க."

ராயர் மீசையைத் தடவினார். "எந்த வழக்கும் இல்லை என்று மென்றது இந்த வாய்தானே? மென்றதைத் துப்ப வந்தாயா?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சபையும் சிரித்தது. மந்திரி திருமேனியார் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை செம்பாயி நின்றாள். "எந்த வழக்குமே இல்லைங்களா, சாமி?"

"எந்த வழக்குமே இல்லை. போ, போ!" என்றார் ராயர்.

மறுநாள் காலை ஊர் மாடுகள் எல்லாம் அல்லிக்குளத்தில் நின்றன. பூவைத் தின்று, தண்ணீரைக் குடித்து, மிச்சத்தைச் சேறாக்கின. ராயர் செம்பாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்.

"அரசே, மாடுகளை ஓட்டிவிட்டவள் இவள்தான். சிறையில் தள்ளுங்கள்!"

"எந்த வழக்குல, ராயரே? எங்க மேல உங்களுக்கும் வழக்கு இல்லைன்னு நீங்களும்தானே மென்னீங்க?"

"அடி பாவி! அது யானை மிதித்த சங்கதிக்கு மட்டும்தானே! அன்றைக்கு மாட்டைப் பற்றி யார் பேசினார்கள்?"

"வாய்க்காலைப் பத்தி யார் பேசினாங்க?"

மந்திரி எழுந்தார். "ராயர் சொன்னதை இன்னொரு முறை சொல்லட்டும், அரசே. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம்."

செம்பாயியின் கட்சியைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது ராயருக்கு அப்போதுதான் உறைத்தது.

அரசன் மந்திரியைப் பார்த்தான். "இது நேற்றே உமக்குத் தெரியுமா?"

"தெரியும், அரசே."

"ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் சிரித்துவிட்டீர்கள். அதற்குமேல் பேச எனக்குத் துணிவு வரவில்லை."

சபையில் சாத்திரம் படித்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அரசனுக்கு முகம் கன்றிவிட்டது.

"எந்தத் தகராறைப் பேசித் தீர்த்தோமோ, அதற்குத்தான் வெற்றிலை மென்றோம்" என்றான் மெல்ல. "அன்று யாரும் நினைத்தே பார்க்காத தீங்குக்கு அந்தச் சொல் மூடி ஆகாது. மாடு இறங்கியது தனி வழக்குத்தான். ஆனால் அவர்கள் தண்ணீரை அவர்கள் மாடு குடித்ததற்கு நான் என்ன தண்டனை தர? ராயரே, மண்வெட்டி எடும். ஊர் பார்க்க நீரே வாய்க்காலை மறித்த அணையை வெட்டிவிடும்."

ராயர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுப் போனார். செம்பாயிக்குப் பட்டும் பொன்னும் கொண்டுவரச் சொன்னான் அரசன். "கொடிக்குத் தண்ணி பாயணும், நான் போறேன்" என்று அவள் திரும்பினாள்.

அதற்குள் சபை எழுத்தர் முரசறைபவனுக்கு வாசகம் சொல்லிக்கொடுத்தார்: "மன்னர் பெருங்கருணை கொண்டு வாய்க்காலைத் திறந்துவிட்டார்..."

செம்பாயி வாசலில் நின்றுவிட்டாள். "கருணையா? நாங்க பிச்சை கேட்டு வரலையே, ராசா. வழக்காடி ஜெயிச்சோம்."

அரசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அந்த அம்மாள் சொன்னபடியே அறைந்து சொல்" என்றான்.

"எந்தத் தெருவில் தொடங்கட்டும், அரசே?" என்றான் முரசறைபவன்.

"அரண்மனைத் தெருவில்."

முரசு முழங்கியது. அரசன் மாடத்து ஜன்னலைச் சாத்தாமல் கடைசிவரை நின்று கேட்டான்.